நிகழாத ஒன்றின் சரித்திரம்

1

முக்காலியில் வனத்துறை ஜீப்பில் ஏறினால் 23 கிலோமீட்டர் காட்டுப் பாதை. அது சைரந்திரியில் முடிகிறது. அதற்கு மேல் வெளியாளை விடுவதில்லை. அங்கே ஒரு காவல் கோபுரம். ஏறி நின்றால் கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் மரத்தலைகள். அவற்றின் நடுவே ஒரு கோடாக ஆறு. எங்களுடன் வந்த வழிகாட்டி முதுகர் இனத்தவர், அட்டப்பாடிக்காரர். கோயம்புத்தூரிலிருந்து வந்தவன் என்பதால் என்னிடம் தமிழில் பேசினார். கையை நீட்டி, "அந்த இடுக்கு தெரியுதுங்களா சார்? அங்கதான் அணை வந்திருக்கும்" என்றார். ஜீப்பில் வந்த எல்லோரும் அந்தத் திசையில் பார்த்தோம். இரண்டு பேர் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

எதைப் போட்டோ எடுத்தார்கள் என்ற யோசனை திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு இருந்தது. கோட்டை, கல்வெட்டு, நடுகல், போர்க்களம் என்று நமக்குக் காட்டப்படும் சரித்திர ஸ்தலங்கள் எல்லாமே அங்கே ஏதோ நடந்ததற்குச் சாட்சி. நடக்காமல் போன ஒன்றைக் காட்டுவதற்காக என்னை ஒருவர் ஓர் இடத்துக்கு அழைத்துப் போனது இதுவே முதல் தடவை. 'வந்திருக்கும்' என்கிற வினைக்குச் சரித்திர நூல்களில் இடமில்லை. சரித்திரக்காரன் வந்ததை எழுதுவான். வராததை எழுத அவனிடம் பக்கம் கிடையாது.

நான் வங்கியில் குமாஸ்தா. இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாத கணக்கை நாங்கள் செயலற்ற கணக்கு என்று தனியே ஒதுக்குகிறோம். பத்து வருஷம் யாரும் தேடி வராவிட்டால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். பதிவு இல்லையென்றால் ஆளே இல்லை என்பது எங்கள் தொழிலின் தர்க்கம். சரித்திரத்தின் தர்க்கமும் ஏறக்குறைய இதுதான் என்று நினைத்திருந்தேன். குந்திப்புழா என்ற அந்த ஆறு இதைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. அதன் கணக்கில் பெரிய பதிவுகள் இல்லை. அப்படி இல்லாமல் பார்த்துக்கொள்ள மனிதர்கள் பத்து வருஷம் படாத பாடு பட்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டில் எழுத்தாளர்களுக்கும் பங்கு உண்டு என்பதால் இதை இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

2

முதலில் நிலத்தின் அமைப்பு. இது புரியாவிட்டால் பிறகு நான் சொல்லப்போகும் எதற்கும் பிடிமானம் இருக்காது.

நீலகிரிப் பீடபூமி தென்மேற்கு மூலையில் சட்டென்று முறிந்து விழுகிறது. அந்த முறிவுக்குக் கீழே, வடக்கு தெற்காக நீண்ட ஒரு தொட்டி மாதிரி அமைந்திருப்பது சைலன்ட் வாலி என்கிற அமைதிப் பள்ளத்தாக்கு. தேசியப் பூங்காவின் பரப்பு 89.52 சதுர கிலோமீட்டர். வடக்கே நீலகிரியின் செங்குத்தான விளிம்பு. அங்கிண்டா சிகரம் 2,300 மீட்டருக்கு மேல். கிழக்கிலும் மேற்கிலும் மலைமுகடுகள். தெற்கே மட்டும் ஒரு வாசல், அதுவும் ஒடுக்கமானது. தொட்டிக்குள் விழும் மழை முழுவதும் குந்தியில் இறங்கி அந்த ஒரே வாசல் வழியாகத்தான் மண்ணார்க்காட்டுச் சமவெளிக்குப் போக வேண்டும். ஆறு நடுவில் ஓடவில்லை. கிழக்குப் பக்கம் 2 கிலோமீட்டர் அகலமும் மேற்குப் பக்கம் 5 கிலோமீட்டர் அகலமுமாகப் பள்ளத்தாக்கைப் பிரித்துக்கொண்டு ஓடுகிறது.

ஆற்றின் இறக்கம் விசித்திரமானது. 1,861 மீட்டர் உயரத்திலிருந்து 900 மீட்டருக்கு வர அது எடுத்துக்கொள்ளும் தூரம் 12 கிலோமீட்டர். இதில் கடைசி 8 கிலோமீட்டரில் இறங்குவது வெறும் 60 மீட்டர். அதாவது, முதல் 4 கிலோமீட்டரில் 900 மீட்டரை ஒரே மூச்சில் இறங்கிவிட்டு, மிச்ச தூரம் கிட்டத்தட்டச் சமதரையில் நடக்கிறது. வெள்ளச் சமவெளி கிடையாது, வளைந்து நெளிதல் கிடையாது, ஆழமும் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மற்ற ஆறுகளைப் போல ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. வருஷம் பூராவும் நீர் இருக்கும். கரையில் வயல் இல்லாததால் பூச்சிமருந்து கலக்காத நீர். 8 கிலோமீட்டர் சாவகாசமாக நடந்து வந்து, தெற்கு இடுக்கை அடைந்ததும் மறுபடி சரிவில் விழுகிறது.

இந்த வர்ணனையை ஒரு தாவரவியல்காரனிடம் சொன்னால், சுற்றிலும் சுவர், உள்ளே ஓயாத மழை, உழவுக்கு இடமில்லை, ஆகவே காடு தப்பிப் பிழைத்திருக்கும் என்பான். ஓர் என்ஜினீயரிடம் இதே வார்த்தைகளைச் சொன்னால், சுற்றிலும் சுவர், உள்ளே ஓயாத மழை, சமமான தரை, ஒரே ஒரு குறுகிய வாசல், ஆகவே அடைப்பதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பான். இருவரும் சொல்வது சரி. எந்த வடிவம் அந்தக் காட்டை அத்தனை காலம் காப்பாற்றி வந்ததோ அதே வடிவம்தான் அணையையும் கூப்பிட்டது. குந்தியின் சரித்திரம் என்று ஒன்றிருந்தால் அது இந்த இரண்டு வாசிப்புகளுக்கு இடையே நடந்த வழக்குதான்.

தாவரவியல்காரன் முதலில் வந்தான். 1847ல் ராபர்ட் வைட் இந்த நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் ஆராய்ந்ததாகப் பதிவு இருக்கிறது. கோயம்புத்தூரில் கம்பெனியின் பருத்திப் பரிசோதனையை மேற்பார்த்த மனிதர்; தென்னிந்தியத் தாவரங்களுக்குப் பெரிய சித்திரத் தொகுதிகள் வெளியிட்டவர். அந்தச் சித்திரங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்தியர்கள் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1914ல் இந்தக் காடு ரிசர்வ் ஆயிற்று. ரிசர்வ் என்றால் யாரும் தொடவில்லை என்று அர்த்தமில்லை. 1927 தொடங்கி 1976 வரை சில பகுதிகளில் மரம் வெட்டும் வேலைகள் நடந்தே வந்தன. 'கன்னிக் காடு' என்று பத்திரிகைகள் எழுதும்போது இதை மறந்துவிடுகிறார்கள். என்ஜினீயர் 1928ல் வந்தான். மின்சாரம் எடுக்க லாயக்கான இடம் என்று சைரந்திரியைக் குறித்துவிட்டுப் போனான். அந்தக் குறிப்பு முப்பது வருஷம் தூங்கி, 1958ல் சர்வேயாக எழுந்தது. 120 மெகாவாட் திட்டம் என்று பெயர் பெற்றது. 1973ல் திட்டக் கமிஷனின் சம்மதமும் வாங்கிவிட்டது.

3

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆளில்லாத இடத்துக்குப் பெயர் வைப்பதில் மனிதனுக்கு உள்ள அவசரம் ஆராய்ச்சிக்குரியது.

ஆற்றின் பெயர் குந்தி. அதில் சேரும் ஓடைகளில் ஒன்று குந்தன்சோலை, இன்னொன்று மாத்ரிமாரன் தோடு. அணை வரவிருந்த இடம் சைரந்திரி. விராட நகரத்தில் அலங்காரப் பணிப்பெண்ணாக மறைந்து வாழ்ந்தபோது திரௌபதி வைத்துக்கொண்ட பெயர். சற்றுக் கீழே பாத்திரக்கடவு. பாண்டவர்கள் பாத்திரம் கழுவிய துறை என்று கதை. நம் பக்கத்திலும் சமண முனிவர்கள் படுத்த கல்லைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்கிறோம். மனிதன் போகத் தயங்கும் இடங்களுக்கெல்லாம் முதலில் பாண்டவர்களை அனுப்பிவைப்பது இந்தத் தேசத்தின் வழக்கம். வனவாசத்துக்குப் போனவர்கள் அவர்கள்தானே.

வெள்ளைக்காரன் வைத்த 'சைலன்ட் வாலி'க்கு மூன்று விளக்கம் சொல்கிறார்கள். சில்வண்டுச் சத்தம் இல்லாததால் வந்த பெயர் என்பது ஒன்று. நான் போன அன்று சில்வண்டு காதைத் துளைத்தது. வழிகாட்டி அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டார். 'சைரந்திரி' என்பது ஆங்கில நாக்கில் 'சைலன்ட்' ஆகிவிட்டது என்பது இரண்டாவது. மூன்றாவது விளக்கம் அங்கே வாழும் சோலைமந்தியை வைத்து. முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரியும் சிங்கத்துக்கு இருப்பது போல் குஞ்சம் வைத்த வாலும் உள்ள இந்தக் கருங்குரங்குக்கு விஞ்ஞானம் கொடுத்த பெயர் மகாகா சைலினஸ். சைலினஸ் கிரேக்கக் கதைகளில் மதுக் கடவுளின் கூட்டாளி, எப்போதும் போதையில் இருக்கிற கிழவன். ஆக, பாரதத்தின் அஞ்ஞாதவாசமோ, கிரேக்கக் குடிகாரனோ, வண்டின் மௌனமோ, எது உண்மையென்றாலும் அந்த இடத்தைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. எல்லாம் பெயர் வைத்தவனின் சாமான்கள்.

நமது இலக்கியத்தில் ஆறு ஒருபோதும் தனியாக வந்ததில்லை. பரிபாடலில் வையை என்றால் நீராடும் மதுரையே கூட வரும். பட்டினப்பாலையின் காவிரிக்குப் பின்னால் ஒரு துறைமுகம் முழுவதும் காத்திருக்கும். தி. ஜானகிராமனும் சிட்டியும் 'நடந்தாய் வாழி காவேரி' எழுதியபோது அவர்களுக்கு ஆற்றோடு போக ஊர்கள் இருந்தன, சத்திரங்கள் இருந்தன, வழி கேட்க ஆள் இருந்தார்கள். குந்தியின் அந்த 12 கிலோமீட்டரில் படித்துறை இல்லை, கோயில் இல்லை, வழி கேட்க ஆளில்லை. குறிஞ்சி என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. குறிஞ்சிக்கும் ஒரு தினைப்புனமும் அதைக் காக்க ஒரு பெண்ணும் வேண்டும். மனிதன் இல்லாத நிலத்துக்கு நம் கவிதையில் திணை கிடையாது.

4

இப்படி இலக்கியத்துக்கு வெளியே கிடந்த ஓர் ஆற்றுக்காகக் கவிஞர்கள் தெருவுக்கு வந்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த சரித்திரத்தின் மையம். ஆனால் முதலில் எதிர்த்தரப்பின் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். சுற்றுச்சூழல் கட்டுரைகள் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை.

மலபார் மின்சாரத்துக்கு ஏங்கிய பிரதேசம். பாலக்காடும் மலப்புறமும் பின்தங்கிய ஜில்லாக்கள். அணையினால் மின்சாரத்தோடு 10,000 ஹெக்டேருக்குப் பாசனமும் கிடைக்கும் என்றது மின்வாரியம். மூழ்கப்போவது 830 ஹெக்டேர். பள்ளத்தாக்கில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையே, மிச்சத்தைக் குரங்குக்கே விட்டுவிடுகிறோமே என்று கேட்டார்கள். ஏழைக்கு விளக்கு வேண்டுமா, குரங்குக்கு மரம் வேண்டுமா என்ற கேள்வியில் இருந்த கோபத்தை நகரத்து ரசிகனின் மேன்மையோடு நாம் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அந்தப் 'பத்தில் ஒரு பங்கு' ஒரு நில அளவைக்காரனின் கணக்கு. மேலே சொன்ன இறக்கத்தை மறுபடி பாருங்கள். அணையின் உயரம் சுமார் 130 மீட்டர் என்று திட்டமிட்டிருந்தார்கள். கடைசி 8 கிலோமீட்டரின் மொத்த இறக்கமே 60 மீட்டர். இடுக்கில் 130 மீட்டருக்குச் சுவர் எழுப்பினால் நீர் பின்னால் எதுவரை போகும் என்று கணக்குப் போட எங்கள் வங்கி வாசல் காவலாளியும் போதும். நிலத்தில் பத்தில் ஒன்று. ஆற்றில் மூன்றில் இரண்டு. ஆறு ஆறாக நடக்கிற இடம் முழுவதும் ஏரியாகிவிடும். குரங்கு வாழ்வதும் அந்தத் தாழ்ந்த பசுமைக்காட்டில்தான். வெடிப்பலாவின் பூவும் காயும் அதற்கு ஆகாரம். மேலே புல்வெளியில் அதற்கு வேலையில்லை.

1976ல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் குழு, ஜாஃபர் ஃபதேஹல்லியின் தலைமையில் ஒரு பணிக்குழுவை அமைத்தது. திட்டத்தைக் கைவிடுவதே நல்லது, தவிர்க்கவே முடியாது என்றால் இந்த இந்தப் பாதுகாப்புகளைச் செய்யுங்கள் என்று அது 17 நிபந்தனைகளை எழுதியது. கடன் மனுக்களைப் பார்க்கிறவனாக எனக்கு இதன் விளைவு ஆச்சரியமாக இல்லை. 'தர வேண்டாம், தந்தால் இப்படித் தரவும்' என்று எழுதிய கோப்பில் முதல் வாக்கியத்தை யாரும் படிக்க மாட்டார்கள். மாநில அரசு 17 நிபந்தனைகளையும் ஏற்றுக்கொண்டோம் என்று வேலையைத் தொடங்கப் பார்த்தது. ஒரு 'ஆனால்' அந்த ஆற்றை ஏறக்குறைய முடித்துவிட்டது. வாக்கிய அமைப்பைப் பற்றி அக்கறைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதன் பிறகு இரண்டு விதமான எழுத்து களத்துக்கு வந்தது. முதலாவது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் வெளியிட்ட அறிக்கை. எம்.கே. பிரசாத் என்ற தாவரவியல் பேராசிரியரோடு ஒரு அணுசக்தி என்ஜினீயர், ஒரு மின்சார என்ஜினீயர், ஒரு விவசாய விஞ்ஞானி, ஒரு பொருளாதாரக்காரர் என ஐந்து பேர் உட்கார்ந்து எழுதியது. இந்த அணை இல்லாமல் மலபாருக்கு மின்சாரம் கொடுக்க என்ன வழி என்று அவர்கள் எதிராளியின் கேள்வியையே எடுத்துக்கொண்டார்கள். பரிஷத்துக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது. இடதுசாரி நண்பர்கள் பலர் அணையின் பக்கம்.

இரண்டாவது கவிதை. சுகதகுமாரி, என்.வி. கிருஷ்ணவாரியர், ஓ.என்.வி. குறுப்பு, அய்யப்ப பணிக்கர் போன்றவர்கள் இயற்கைப் பாதுகாப்புக்காகச் சேர்ந்து ஊர் ஊராகப் பேசினார்கள், வாசித்தார்கள். சுகதகுமாரியின் 'மரத்தினு ஸ்துதி' அந்த இயக்கத்தின் பிரார்த்தனைப் பாட்டு மாதிரி ஆகிவிட்டது. இதை நான் மலையாளத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு காரியத்துக்காக எழுதப்படுவது கவிதையாகாது என்ற கட்சியைச் சேர்ந்தவன் நான். இந்தப் பக்கங்களிலேயே அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். தலைப்பே சொல்வது போல அது ஸ்துதி. ஸ்துதியின் பலமும் அதற்கு உண்டு, ஸ்துதியின் எல்லையும் உண்டு. மகத்தான கவிதை என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் இந்த அபிப்பிராயம் எவ்வளவு சௌகரியமான இடத்திலிருந்து வருகிறது என்று சைரந்திரியின் கோபுரத்தில் எனக்கு உறைத்தது. எனக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த ஆறு என் அளவுகோலைச் சட்டை செய்யவில்லை. நான் சரியென்று நம்பும் கவிதைக் கொள்கை எந்த இடுக்கையும் திறந்து வைத்ததில்லை.

கவிதை மட்டும் இதைச் செய்தது என்று சொல்வதும் பொய். கும்பகோணத்துக்காரரான எம்.எஸ். சுவாமிநாதன் மத்திய அரசின் வேளாண் செயலாளராக வந்து பார்த்து, சுற்றுக் காடுகளையும் சேர்த்து 389.52 சதுர கிலோமீட்டருக்கு மழைக்காட்டுக் காப்பகம் யோசனை சொன்னார். 1980ன் தொடக்கத்தில் உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. அந்த வருஷக் கடைசியில் அணைக்கு வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைத் தேசியப் பூங்கா என்று மாநில அரசு அறிவித்தது. மறுபடியும் அந்த நில அளவைக்காரனின் கணக்கு. பிறகு எம்.ஜி.கே. மேனன் தலைமையில் ஒரு கமிட்டி. 1983ல் திட்டம் கைவிடப்பட்டது. இந்திரா காந்தி 1984 அக்டோபர் 31ல் கொல்லப்பட்டார். நவம்பர் 15ல் பூங்கா முழுசாக அறிவிக்கப்பட்டது. 1985 செப்டம்பர் 7ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். 2000க்குப் பிறகு பாத்திரக்கடவில் வேறொரு அணை யோசனை தலைதூக்கிற்று. 2007ல் 148 சதுர கிலோமீட்டரை இடைக் காப்பு மண்டலமாகச் சேர்த்தார்கள். ஸ்துதி, புள்ளிவிவரம், டில்லியின் அதிகாரம் மூன்றில் எது காப்பாற்றியது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

5

இத்துடன் நிறுத்தினால் இது ஒரு மங்களக் கட்டுரை. ஆனால் தொட்டிக்குச் சுவர் உண்டு என்றேன். அந்தச் சுவர் நம் கவனத்துக்கும் சுவராகிவிட்டது என்று எனக்குப் படுகிறது.

வடக்குச் சுவரின் மேலே ஏறிப் பாருங்கள். சிஸ்பாராவிலிருந்து நடந்தால் தமிழ்நாட்டு முகூர்த்தியின் புல்வெளிகள் வழியாக மேல் பவானி அணைக்குப் போய்விடலாம். அதே மலை, அதே மழை, அதே சோலை. 1956ல் கனடாவின் உதவியோடு தொடங்கிய குந்தா மின்திட்டத்தில் மேல் பவானி, அவலாஞ்சி, எமரால்டு என்று வரிசையாக அணைகள் எழுந்தன. புல்வெளிகளில் வாட்டில் மரமும் யூகலிப்டஸும் நட்டார்கள். சுவாமிநாதனின் 389.52ல் 100 சதுர கிலோமீட்டர் இந்தக் குந்தாப் பகுதிதான். குந்தியில் 'வந்திருக்கும்' என்கிற இடத்தில் இங்கே சாதாரண இறந்தகாலம்: வந்தது. 'எழுத்து' 1959ல் தொடங்கிற்று. புதுக்கவிதை பிறந்து வளர்ந்த அதே வருஷங்களில்தான் இந்த நீரெல்லாம் குழாயில் இறங்கிற்று. நான் புரட்டிய பழைய இதழ்களில் இதைப் பற்றி ஒரு வரி என் கண்ணில் படவில்லை. தனிமனிதனின் அந்நியமாதலைப் பற்றி நிறையப் பார்த்தேன். மின்சாரம் வேண்டாம் என்று அன்று எழுதியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பார்த்திருக்க வேண்டும் என்கிறேன்.

கிழக்குச் சுவருக்கு வெளியே அட்டப்பாடி. ஆனைகட்டி வழியாகப் பஸ்ஸில் போகிறவனுக்கு இது ஜன்னலில் தெரியும்: முதலில் மழை மறைவில் காய்ந்து கிடக்கும் மொட்டைக் குன்றுகள், முக்காலியை நெருங்கும்போதுதான் பச்சை. இருளரும் முதுகரும் குறும்பரும் வாழும் நிலம். 1951 கணக்கெடுப்பில் இங்கே பத்துக்கு ஒன்பது பேர் பழங்குடிகள். இந்த நூற்றாண்டில் பாதிக்கும் கீழே. கேரளச் சமவெளியிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் குடியேறியவர்களின் கைக்கு நிலம் போயிற்று, காடும் போயிற்று. 2013ல் இங்கே பச்சிளங் குழந்தைகள் ஊட்டக்குறைவால் அடுத்தடுத்து இறந்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. உலகம் முழுவதற்கும் தெரிந்த அந்தப் பள்ளத்தாக்குக்கும் இந்தக் குடிசைகளுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு முகடு. எனக்கு இடுக்கைக் காட்டிய மனிதர் அந்த முகட்டைத் தாண்டி வேலைக்கு வந்துபோகிறவர். ஆளில்லாத ஆறு என்று நான் மேலே எழுதியதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

தெற்கு வாசலுக்கு வெளியே ஆறு மண்ணார்க்காட்டைத் தாண்டி, தூதப்புழாவாகி, பாரதப்புழாவில் சேர்கிறது. மலையாளிகள் நிளா என்று உருகும் ஆறு. சேருமிடத்தின் பெயர் கூடல்லூர்; எம்.டி. வாசுதேவன் நாயரின் ஊர். பூங்கா அறிவிக்கப்பட்ட அதே 1984ல்தான் பீமனைப் பேசவைத்த அவருடைய 'இரண்டாமூழம்' வெளிவந்தது. தமிழில் 'இரண்டாம் இடம்' என்று படித்திருப்பீர்கள். குந்தியின் பெயர் கொண்ட ஆறு, குந்தியின் மகனை எழுதியவனின் ஊரில் வந்து முடிகிறது என்பதில் அர்த்தம் தேடும் ஆசை எனக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அங்கே நிளா மணல் அள்ளிய பள்ளங்களும் புதரும் வறண்ட கோடையுமாகக் கிடக்கிறது. அந்த ஆற்றைப் பற்றி எத்தனையோ நல்ல பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. எழுதப்பட்ட ஆறு காய்ந்தது; எழுத ஒன்றுமில்லாத ஆறு ஓடுகிறது. இலக்கியத்தின் சக்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

6

என் கட்டுரைக்கு முடிவு என்று ஒன்று இருந்தால் அது சிறியது. குந்தி ஓர் எல்லைக்குள் காப்பாற்றப்பட்டது. அந்த எல்லை நியாயமானது, அதற்காகப் பாடுபட்டவர்கள் வணக்கத்துக்குரியவர்கள். ஆனால் நடக்காமல் போனதன் சரித்திரத்தை ஒரே ஒரு பள்ளத்தாக்குக்குள் வைத்துப் படித்தால் அது யாத்திரை ஸ்தலமாகிவிடும். ஜீப்பில் போய், இடுக்கைப் பார்த்து, கும்பிட்டுவிட்டு வரலாம். போட்டோ எடுத்தவர்களை நான் கேலி செய்யவில்லை. நானும் அதைத்தான் செய்தேன், எழுத்தில்.

நீலகிரியின் அந்தத் தென்மேற்கு மூலையில் விழும் மழைக்கு இரண்டு வழி. முகட்டுக்கு மேற்கே விழுந்தால் குந்தி, பிறகு நிளா, பிறகு அரபிக்கடல். கிழக்கே விழுந்தால் பவானி. கேரளத்துக்குள் போய், அட்டப்பாடியைச் சுற்றிக்கொண்டு, தமிழ்நாட்டுக்கே திரும்பி, கூடுதுறையில் காவிரியில் சேரும். அதன் கிளையான சிறுவாணியும், அதன் குறுக்கே கட்டிய பில்லூரும்தான் கோயம்புத்தூரின் குடிநீர். இதை எழுதும்போது மேஜைமேல் ஒரு சொம்பில் இருப்பது சுவருக்கு இந்தப் பக்கத்துத் தண்ணீர். அட்டப்பாடியைத் தாண்டி வந்த தண்ணீர். முப்பது சொச்சம் வருஷமாகக் குடிக்கிறேன். இதைப் பற்றி நான் ஒரு வரி எழுதியதில்லை.